கம்ப்யூட்டரில் கட்டிய குளவிக்கூடு

பாப்பாரப்பட்டியில் போய் ராஜமேரி என்று கேட்டால் அந்தக் காலத்தில் நாலு பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். கம்ப்யூட்டர் மேரி என்று கேட்டால் போதும், சந்தையில் தக்காளி விற்கிறவர்கூடத் தராசைக் கீழே வைத்துவிட்டு வழி காட்டுவார். 1988-ஆம் வருஷம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருந்ததே ஒரு கம்ப்யூட்டர்தான். அதைத் தொட்டு வேலை வாங்கத் தெரிந்தவளும் அவள் ஒருத்திதான்.

பெரிய இடத்துப் பெண்ணெல்லாம் இல்லை. கேழ்வரகும் நிலக்கடலையும் போட்டுப் பிழைக்கிற குடும்பம். தருமபுரிக்குப் போய் டைப் படித்து, ஹையர் பாஸ் செய்து, டிராக்டர் ஓட்டுகிற யாகப்பனைக் கட்டிக்கொண்டு, கிணறு வெட்டிக் கொடுக்கிற, ஆடு வாங்கிக் கொடுக்கிற ஒரு சேவைச் சங்கத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். சங்கத்துக்கு உதவி செய்கிற வெளிநாட்டுக்காரர்கள் ஒருநாள் ஒரு பெட்டியை அனுப்பி வைத்தார்கள். மேனேஜர் ஸ்தனிஸ்லாஸ் சார் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு இரண்டு நாள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. பிறகு, “டைப்ரைட்டர் மாதிரிதான் இருக்குது மேரி, நீ போய்க் கத்துக்கிட்டு வந்துரு” என்று அவளைப் பெங்களூருக்கு ரயில் ஏற்றிவிட்டார். போனாள், ஒரு மாதம் தங்கிக் கற்றுக்கொண்டு வந்தாள்.

அது மடியில் வைத்துக்கொள்ளும் கம்ப்யூட்டராம். லேப்டாப் என்று பேர். யாருடைய மடி என்று பேர் வைத்தவனைத்தான் கேட்க வேண்டும். தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். பேட்டரி கிடையாது, ஒயரைச் சுவரில் சொருகினால்தான் உயிர் வரும். மூடியைத் திறந்தால் கறுப்புத் திரையில் ஆரஞ்சு நிறத்தில் எழுத்து ஓடும். பின்பக்கம் சீப்புப் பல் மாதிரி வரிசையாகப் பிளவுகள், அதற்குள்ளே உள்ளங்கையைவிடச் சின்னதாக ஒரு ஃபேன். அந்த ஃபேன் சத்தம் காதில் விழுந்தால்தான் ராஜமேரிக்கு வேலையே ஓடும்.

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த ராஜமேரி. வீட்டுக்குள் இருந்தவள் வேறு ஒருத்தி. மூன்று முறை உண்டானாள், மூன்றும் தங்கவில்லை. முதல் இரண்டும் வெளியே சொல்வதற்கு முன்பே போய்விட்டன. மூன்றாவது எட்டாம் மாதம் வரை வந்து, ஆஸ்பத்திரியில் அழாமலே பிறந்தது. அவளுக்கு அதன் முகத்தைக்கூடக் காட்டவில்லை. யாகப்பன் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் உண்டாகியிருக்கும்போது குளவி வந்து மண்ணால் கூடு கட்டினால் அது நல்ல சேதி. பிள்ளை வருகிறது என்று அர்த்தம். அந்தக் கூட்டில் மட்டும் கை வைக்கவே கூடாது. கலைத்தால் வயிற்றில் இருப்பதும் கலைந்துபோகும் என்பார்கள். ஒட்டடை அடிக்கிறவர்கள்கூட அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் அடிப்பார்கள். மாதா கோயிலில் சாமியார் இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று கிழி கிழியென்று கிழிப்பார். ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, கூடு பத்திரமாக இருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பார்கள். பூசைக்குப் போகிறவர்களும் பொங்கல் வைக்கிறவர்களும் இந்த ஒன்றில் மட்டும் ஒரே கட்சி.

அந்த மூன்றாவது தடவை உள் அறைக் கதவு நிலைக்கு மேலே குளவி கட்டியிருந்தது. கிறிஸ்துமஸ் நெருங்கிய சமயம். மாமியார் ஆரோக்கியம்மாள் சுண்ணாம்பு கரைத்து வீடு முழுக்க வெள்ளையடித்துக்கொண்டிருந்தாள். அந்த வாரமே ராஜமேரிக்கு வலி எடுத்துவிட்டது. வெறுங்கையோடு வீடு திரும்பியவள் முதலில் நிலைக்கு மேலேதான் பார்த்தாள். கூடு இல்லை. மண் பெயர்ந்த தழும்பு மட்டும் இருந்தது. அவ்வளவுதான், அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த மனுஷி சுண்ணாம்பு அடிக்கிற மட்டையைப் போட்டு இழுத்த இழுப்பில் என் பிள்ளை போய்விட்டது என்று முடிவு கட்டினாள்.

சண்டை போட்டாளா? இல்லை. வாயைத் திறந்து கேட்டாளா? அதுவும் இல்லை. கேட்டால் தாய்க்கும் மகனுக்கும் ஆகாமல் போகும் என்று வாயை மூடிக்கொண்டாள். மூடின வாய் மூடினதுதான். ஐந்து வருஷம்! ஒரே வீடு, ஒரே அடுப்பு, மாமியாரோடு ஒரு வார்த்தை கிடையாது. ஏதாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துச் சொல்வாள். பிள்ளையைப் பறிகொடுத்த துக்கம் ஆறவில்லை போலிருக்கிறது என்று ஆரோக்கியம்மாளும் பொறுத்துக்கொண்டாள். இப்படியும் ஒரு பிடிவாதம் உண்டா என்று உங்களுக்குக் கோபம் வரலாம். எனக்கும்தான் வருகிறது. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய் நியாயம் பேச யாருக்கு வாய் வரும்?

அந்த வருஷம் நாலாவது தடவையாக உண்டானாள். மூன்று மாதம் தாண்டியும் யாகப்பனைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. இதுவும் போய்விட்டால் தன்னால் எழுந்திருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஆடிப் பதினெட்டை ஒட்டிச் சங்கத்துக்கு ஒரு வாரம் லீவு விட்டார்கள். லீவு முடிந்து வந்து, ஜன்னலோரம் இருந்த கம்ப்யூட்டரைத் துடைக்கப் பின்பக்கம் திருப்பினவள் அப்படியே நின்றுவிட்டாள். பிளவுகளை அடைத்துக்கொண்டு கைப்பிடி மண். ஈரம் காய்ந்து, வழவழவென்று, வாய் மூடின கூடு. உள்ளேயும் போயிருந்தது.

வீட்டில் கட்ட வேண்டியது தன்னைத் தேடிக்கொண்டு ஆபீசுக்கு வந்து, தன் பெட்டியில் கட்டியிருக்கிறதே! சிலுவை போட்டுக்கொண்டாள். நெஞ்சு அடித்துக்கொண்டது, அதில் பயம் எவ்வளவு சந்தோஷம் எவ்வளவு என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பெட்டியின் முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி ஸ்விட்சைப் போட்டாள்.

ஃபேன் சுற்றவில்லை. உள்ளேயிருந்து முக்கல் மாதிரி ஒரு சத்தம் வந்து அடங்கிவிட்டது. கொஞ்ச நேரம் எழுத்து ஓடியது, பிறகு நடுவரியில் நின்றுபோனது. எந்தச் சாவியை அமுக்கினாலும் அசையவில்லை. அணைத்து, ஆறவிட்டுப் போட்டாள். மறுபடி அதே கதை. நாளாக ஆக ஓடுகிற நேரம் குறைந்துகொண்டே வந்தது, பெட்டி தோசைக்கல்லாகக் கொதித்தது. ஈரத்துணியை அடியில் விரித்தாள், டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தாள். எதனால் இந்தச் சூடு என்று அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே ஈரத்துணி விரித்துக்கொண்டிருந்தாள்.

ஸ்தனிஸ்லாஸ் சார் காலண்டரைப் பார்த்தார். பெட்டி அனுப்பிய வெளிநாட்டுக்காரர்கள் வருகிற திங்கட்கிழமை நேரில் பார்க்க வருகிறார்கள். ஓடவில்லை என்றால் சங்கத்தின் சேலத்து ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவர் தருமபுரிக்கு ஆள் அனுப்பி, ரேடியோவும் டி.வி.யும் ரிப்பேர் பார்த்துக்கொண்டே கம்ப்யூட்டரும் கற்றுக்கொண்ட தர்மனைப் பஸ்ஸில் வரவழைத்தார். போன வைகாசியில்தான் அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, உற்சாகமான ஆள்.

தர்மன் பெட்டியைப் போட்டுப் பார்த்தான். தலையை ஆட்டினான்.

“அக்கா, இதுக்கு நோவு ஒண்ணும் இல்லீங்க. பாரம் ஜாஸ்தி. ஸ்டார்ட் ஆவறப்பவே காலண்டரு, கடியாரம், கால்குலேட்டருன்னு ஒரு சந்தையே உள்ள ஏறி உக்காந்துக்குது. எல்லாத்தையும் எறக்கி உட்டுட்டா ஜம்முனு ஓடும் பாருங்க.”

பையிலிருந்து ஒரு ஃப்ளாப்பியை எடுத்தான். அதில் பெட்டியை எழுப்பிவிடுகிற டாஸ் என்ற புரோகிராமை மட்டும் போட்டான். அதிலும் பெட்டி எழுந்து நிற்பதற்கு இல்லாமல் முடியாத ஃபைல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கழித்துக் கட்டினான். அந்த ஃப்ளாப்பியைச் சொருகி ஸ்விட்சைப் போட்டதும், கண்ணை மூடித் திறப்பதற்குள் ஆரஞ்சு எழுத்து வந்து நின்றது.

“பாத்தீங்களா!” என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

டீ குடித்து முடிப்பதற்குள் எழுத்து உறைந்துபோனது. தர்மன் கிளாஸைக் கீழே வைத்தான். சாவிகளைத் தட்டினான். பெட்டியின் மேல் கையை வைத்தவன், “அம்மாடி!” என்று வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

“இதென்னங்க்கா அநியாயமா இருக்குது? உள்ள ஒண்ணுமே இல்ல, காலி. சொமையே ஏத்தாத கழுதைக்கு ஏன் மூச்சு வாங்குது? பின்பக்கம் திருப்புங்க, பாப்பம்.”

“அங்க ஒண்ணும் இல்ல தர்மா. நான் தொடச்சேன்.” ராஜமேரி இதைச் சொன்ன வேகமே அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது. தர்மன் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தானே எழுந்து பெட்டியைத் திருப்பினான்.

“அடக் கொடுமையே! மண்ணுங்க்கா! ஃபேனு மூஞ்சியே அடைச்சுக் கெடக்குது!”

கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கூட்டின் மேல் கொண்டுபோனான். அந்த நொடியில் ராஜமேரி போட்ட கூச்சல் எதிர்க் கடைவரை கேட்டதாகச் சொல்வார்கள்.

“ஐயோ! கை வெக்காத! வெக்காத சொல்றேன்!”

ஸ்தனிஸ்லாஸ் சார் முன்னறையிலிருந்து ஓடிவந்தார். “என்ன மேரி, கரண்ட் அடிச்சிருச்சா?”

அவள் ஒரு கையால் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு கை வயிற்றின் மேல் இருந்தது. தர்மன் கூட்டைப் பார்த்தான், அந்தக் கையைப் பார்த்தான். ஸ்குரூ டிரைவர் அவன் கையிலிருந்து தானாகக் கீழே விழுந்தது. யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லாமல் போய்விட்டது.

“எனக்குத் தெரியாதுங்க்கா. சத்தியமாத் தெரியாது” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

“மேரி! நெசமாவா?” ஸ்தனிஸ்லாஸ் சாருக்கு முகமெல்லாம் பல். மறு நிமிஷம் திங்கட்கிழமை நினைவுக்கு வந்து அந்தப் பல் உள்ளே போனது. “அட ஆண்டவரே! இப்ப என்னடா பண்றது? தர்மா, நீ பாத்துப் பதனமா எடுத்துருப்பா.”

“என்னால ஆவாதுங்க சார். எங்க வூட்டுலயும் பொம்பளைங்க இருக்காங்க. நீங்க படிச்சவங்க, நீங்களே எடுங்க.”

“இதுல என்னப்பா இருக்குது, வெறும் மண்ணு” என்று சொல்லிக்கொண்டே சார் மேஜையிலிருந்த மர ஸ்கேலை எடுத்தார். பெட்டி வரைக்கும் வந்தார். ஸ்கேலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். “எம் பொண்ணு தெரசா பிரசவத்துக்கு வந்து நெற மாசமா உக்காந்திருக்குதுப்பா. நான் எப்பிடிப்பா?”

பெங்களூர் பயிற்சி, தருமபுரி மெக்கானிக், பி.ஏ. படித்த மேனேஜர். மூன்று பேரும் ஒரு பிடி மண்ணுக்கு முன்னால் கைகட்டி நின்றார்கள். சிரிப்பாகத்தான் இருக்கிறது. அந்த இடத்தில் நின்றிருந்தால் நானும் ஸ்கேலைக் கீழேதான் வைத்திருப்பேன்.

சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக யாகப்பன் டி.வி.எஸ். வண்டியில் வந்தான். அவன் உள்ளே கால் வைத்ததும் சாருக்கு உயிர் வந்தது. “வாங்க யாகப்பன், நல்ல சேதி கேள்விப்பட்டேன். ஆனா உங்க சம்சாரத்துக்கு நீங்கதான் ஒரு வார்த்த சொல்லணும்” என்று பெட்டியைக் காட்டினார்.

யாகப்பன் குனிந்து கூட்டைப் பார்த்தான். அவன் முகம் கறுத்துப்போனது. கீழே கிடந்த ஸ்குரூ டிரைவரை எடுத்தான்.

“என்ன பண்றீங்க?”

“ஒடைக்கறேன்.”

ராஜமேரி குறுக்கே வந்து நின்றாள். சொந்தப் புருஷன், எல்லாம் தெரிந்தவன், இவனா! ஐந்து வருஷம் தொண்டையோடு நிறுத்தி வைத்திருந்தது அத்தனை பேர் முன்னாலும் வெடித்து வந்துவிட்டது.

“உங்கம்மா ஒண்ண ஒடைச்சு எம் புள்ளயக் கொண்டுட்டுப் போனது பத்தலையா? இப்ப நீங்களும் ஒடைக்கறீங்களா?”

யாகப்பன் நிமிர்ந்தான். “எங்கம்மாவா? எங்கம்மா எத ஒடைச்சாங்க?”

“நெலைக்கு மேல இருந்தத! வெள்ளையடிக்கறப்ப! நான் ஆஸ்பத்திரியில இருந்து வந்து பாக்கலையா? வெறும் தழும்புதான இருந்துச்சு!”

அவன் பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தான்.

“மேரி, அந்த எடத்துல எங்கம்மா மட்டையே வெக்கல. பட்டுருமோன்னு பயந்துக்கிட்டு, ஸ்டூல் மேல ஏறி நின்னு, கூட்டச் சுத்தி வெரலால தொட்டுத் தொட்டுச் சுண்ணாம்பு பூசுனாங்க. நானே பாத்தேன். நீ ஆஸ்பத்திரியில கெடந்த. நான் புள்ளயப் பொதைச்சுட்டு வூட்டுக்கு வந்தேன். அந்தக் கூடு முழுசா இருந்துச்சு மேரி. ஒரு கீறல் இல்ல. எம் புள்ள மண்ணுக்குள்ள கெடக்குது, இது மட்டும் அங்க நல்லா உக்காந்திருக்குது. வந்துச்சு பாரு எனக்கு ஒரு ஆங்காரம், கையில இருந்த, குழி வெட்டுன மம்முட்டியால அடிச்சேன். அம்மா எங் கையப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க, வேணாண்டா, அடுத்த புள்ளைக்கு ஆவாதுடான்னு. நான் கேக்கல. ஒடைச்சது நாந்தான்.”

தர்மன் தலையைக் குனிந்துகொண்டான்.

ராஜமேரி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். கூடு முழுசாக இருந்ததா? ஒருத்தரும் தொடவில்லையா? அப்படியானால் பிள்ளை போனது எதனால்? ஐந்து வருஷமாக ஒரு மனுஷியை மனசுக்குள் வைத்துத் தினம் தினம் கொன்றது எதற்காக?

“ஏன் எங்கிட்ட சொல்லல?” என்றாள்.

“புள்ள மொகத்தயே உனக்குக் காட்டாதவன், இத எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வந்து சொல்றது? நீயும் ஒண்ணும் கேக்கல.”

அவள் கேட்கவில்லைதான். அவனிடமும் கேட்கவில்லை, அந்தக் கிழவியிடமும் கேட்கவில்லை. அவள் அவன் கையிலிருந்து ஸ்குரூ டிரைவரை வாங்கினாள். “நீங்க வேணாம், நானே எடுக்கறேன்” என்று சொல்லிக் கூட்டின் மேல் வைத்து அழுத்தினாள். மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

உள்ளே குளவிக்குஞ்சும் இல்லை, உயிரும் இல்லை. தாய்க்குளவி இரைக்கென்று கொண்டுவந்து வைத்திருந்த பச்சைப் புழுக்கள் வற்றல் மாதிரி காய்ந்து கிடந்தன. தர்மன் டார்ச் அடித்துப் பார்த்தான்.

“இது எப்பவோ வெந்து போச்சுங்க்கா. இந்தப் பொட்டி சூட்டுக்கு மொத நாளே போயிருக்கும்.”

தினமும் ஸ்விட்சைப் போட்டது அவள்தானே. எதைப் பொத்திப் பொத்திக் காத்தாளோ அதை அவள் கையாலேயே வேகவைத்திருக்கிறாள். கூடு செத்து நாளாகியும் அவள் வயிற்றில் இருந்தது இருந்தபடிதான் இருந்தது. அங்கே கூடு பிழைத்துப் பிள்ளை செத்தது. இங்கே கூடு செத்துக் கிடக்கிறது, பிள்ளை இருக்கிறது. அவள் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. சேலைத் தலைப்பால் பிளவுகளில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

தர்மன் திருகாணிகளைக் கழற்றி, உள்ளே இருந்ததையும் பிரஷ்ஷால் தட்டி எடுத்து, ஸ்விட்சைப் போட்டான். ஃபேன் விர்ரென்று கிளம்பியது. அந்தச் சின்ன டாஸ் ஃப்ளாப்பியில் பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது, எழுத்து நிற்கவில்லை. சார் மட்டும் திரும்பத் திரும்ப அதைத் தொட்டுப் பார்த்து, “ஜில்லுனு இருக்குதுப்பா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். மற்ற யாருக்கும் அது காதில் விழவில்லை.

மாசி மாதம் ராஜமேரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதது. கம்ப்யூட்டரும் சேலத்துக்குப் போகவில்லை. சுபம் என்று இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் அவளிடம் கேட்டால் பிரசவத்தைப் பற்றிப் பேச மாட்டாள், கூட்டை எடுத்த அன்றைக்குச் சாயங்காலத்தைப் பற்றித்தான் பேசுவாள்.

யாகப்பனும் அவளும் வண்டியில் வீட்டுக்கு வந்தார்கள். வண்டி நின்றபோது ஆரோக்கியம்மாள் வாசலில் செடியோடு பிடுங்கி வந்த கடலைக்காயைப் போட்டுக்கொண்டு ஆய்ந்துகொண்டிருந்தாள். ராஜமேரி இறங்கி அவள் எதிரில் போய் நின்றாள். கூப்பிட்டாள்.

“அத்தே.”

ஆரோக்கியம்மாளின் கை நின்றது. தலையைத் தூக்கினாள். மருமகளைப் பார்க்காமல், திரும்பி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே யாரும் இல்லை. பக்கத்து வீட்டு வாசலைப் பார்த்தாள், அங்கேயும் யாரும் இல்லை.

“யாரக் கூப்புடற, மேரி?” என்று கேட்டாள்.